மாடில்லாத பால்காரி

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. அடுத்த நொடியே, ஒரு குழந்தை குமட்டிக் குமட்டி வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது.

பால்காரி அப்போது சமையலறைத் தரையில் உட்கார்ந்து பெரிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தினமும் அந்தப் பாத்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அடியில் பழுப்பாகப் பிடித்திருக்கும் காந்தலைச் சுரண்டி எடுப்பதற்குள் தோள் கழன்றுவிடும். இன்றைக்கு ஒரு துடைப்பிலேயே பளிச்சென்று ஆகிவிட்டது. அதை அவள் அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் வந்தது. நாரைப் போட்டுவிட்டு, சோப்பு நுரை வழியும் கையோடு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

அடுத்த வீடு என்று பெயர்தான். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது ஒரே வீட்டின் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பி, அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு என்றார்கள். அந்தச் சுவர் காற்றைத் தடுத்ததே தவிர வேறெதையும் தடுக்கவில்லை. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அண்ணன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். அவன் மனைவிதான் பால்காரி. தம்பி எலக்ட்ரீஷியன், அவன் மனைவி தையல்காரி. ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்று நினைக்கிற ஊர், இவர்கள் இருவரையும் பார்த்து ஏமாந்துபோயிருந்தது. ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்தி தைலத்தைத் தேடுவாள்.

தையல்காரி மெஷினுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, மகளை மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. எல்லோரும் கூப்பிடுவது குருவி என்று. பிறந்தபோதே உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள். மூன்று வயது முடிந்தும் மணிக்கட்டு பென்சில் பருமன்தான். சமீபத்தில்தான் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. அந்தக் கன்னம் இப்போது வெளுத்துக் கிடந்தது.

காலையில் பெரியம்மா கொடுத்த பாலைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை என்றாள் தையல்காரி. குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. அழுகையோடு, கேள்வி கேட்பது போலச் சொன்னாள். ஆனால் பால்காரி தன் கையில் இன்னும் காயாத சோப்பு நுரையைப் பார்த்தாள். ஒரு துடைப்பில் பளிச்சென்று ஆன பாத்திரம் அவள் கண் முன்னால் வந்து நின்றது.

மதியத்துக்குள் குழந்தைகள் மையத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. அங்கேயும் அதே கதை. காலையில் பால்காரி கொண்டுபோய்க் கொடுத்த பாலைக் குடித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி, பேதி. டாக்டர் வந்து பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுங்கள், தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். சரியாகவும் போயிற்று. மறுநாளே குருவி எழுந்து உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை கேட்டாள். ஆனால் பிள்ளைகளின் வயிறு ஆறின வேகத்தில் தாய்மார்களின் வயிறு ஆறவில்லை.

இவளுக்குப் பால்காரி என்ற பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். இவள் வீட்டில் மாடு கிடையாது, கன்று கிடையாது. கல்யாணமாகி வந்தவள், வேன்காரன் சம்பாத்தியத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டு, ஒரு குழந்தைக்காக ஏங்கி, வைத்தியம் பார்த்து, ஏங்கினது போதும் என்று ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள். அந்தச் சமயத்தில் விவசாய ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்து, பெண்களாகச் சேர்ந்து சோயா போடுங்கள், விதை நாங்கள் தருகிறோம் என்றார். யாரும் முன்வரவில்லை. பால்காரிதான் முதலில் கையைத் தூக்கினாள். வீட்டில் சும்மா இருந்தால் சுவர் வழியாக அடுத்த வீட்டுப் பிள்ளையின் சிரிப்பு கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருப்பதற்கு வெயிலில் நிற்பது மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

செங்கல் சூளைக்குப் பின்னால் குத்தகைக்கு ஒரு நிலம் பிடித்தார்கள். மீன் விற்கிறவள், துணி தேய்க்கிறவள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் என்று ஒவ்வொருத்தியாகச் சேர்ந்தார்கள். முதல் வருஷம் செடி இடுப்பளவு வளர்ந்து, காய் பிடித்து, எல்லோரும் பூரித்துப் போயிருந்த நேரத்தில் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் வயல் குச்சிக் காடாக நின்றது. ஏதோ நோய் வந்து பட்டுப்போச்சு என்று வரப்பில் வரிசையாக உட்கார்ந்து அழுதார்கள். மீன்காரி அழுத அழுகையில் சூளை ஆட்கள் யாரோ செத்துவிட்டதாக நினைத்து ஓடிவந்தார்கள். ஆபீஸ் அம்மா வந்து ஒரு செடியைப் பிடித்து உலுக்கிக் காட்டினார். காய்ந்த காய்களுக்குள் பயறு கலகலவென்று ஆடியது. சோயா முற்றினால் இலையைக் கொட்டிவிடும். அதுதான் அறுவடைக்கு அழைப்பு. அழுத முகங்களை ஒருத்திக்கொருத்தி பார்த்துச் சிரித்த சிரிப்பு சூளை வரைக்கும் கேட்டிருக்கும்.

விற்றது போக மீதிப் பயறை என்ன செய்வது என்று அடுத்த வேடிக்கை. மற்றப் பயறு மாதிரி வேகவைத்தார்கள். பொழுது சாயும்வரை வெந்தும் பல்லுக்குப் பிடிகொடுக்கவில்லை, பச்சை வாசனையும் போகவில்லை. வேன்காரன் ஒரு வாய் மென்றுவிட்டு, இதை டயருக்கு அடியில் முட்டுக்கொடுக்க வைத்துக்கொள்ளலாம் என்றான். பால்காரி விடவில்லை. ஆபீஸ் அம்மாவிடம் கேட்டு, கெடுத்து, மறுபடி கேட்டு, கடைசியில் பால் எடுக்கப் படித்துக்கொண்டாள். ராத்திரி ஊறவைத்து, தோலைக் கசக்கி நீக்கி, அரைத்து, துணிப்பையில் ஊற்றிப் பிழிந்து, காய்ச்சி, துளி உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டால் வெள்ளை வெளேரென்று பால். பிழிந்த சக்கையை மாவோடு பிசைந்து ரொட்டி சுட்டால் அதையும் பிள்ளைகள் விடவில்லை. பையைத் தைத்துக் கொடுத்தது தையல்காரி. பெயரைத் தைத்துக் கொடுத்தது மீன்காரி.

“மாடு இல்ல, கன்னு இல்ல, தீவனம் இல்ல, சாணி இல்ல. இவ பால்காரியாம். நல்ல பொழப்புடி” என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பாலை முதலில் வாங்கிக் குடித்தது குருவி. எதைக் கொடுத்தாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிற பிள்ளை, இதைக் குடித்துவிட்டு உதட்டை நக்கியது. கொஞ்ச நாளில் மையத்தில் எடை போடும்போது முள் கொஞ்சம் தள்ளி நின்றது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதற்குப் பிறகுதான் மையமே இவர்களிடம் பால் வாங்க ஆரம்பித்தது. விளைகிற பயறுக்கு வீட்டு வாசலிலேயே விலை கிடைத்தது. துணி தேய்க்கிறவள் புதுப் பெட்டி வாங்கினாள். மீன்காரி முன்பல்லைக் கட்டிக்கொண்டு, சிரிக்க வேண்டாத இடத்திலும் சிரித்தாள். பால்காரிக்குக் கிடைத்தது வேறு. தினமும் காலையில் மையத்து வாசலில் ஒரு கூட்டம் பிள்ளைகள் டம்ளரோடு அவளைப் பார்த்து நிற்கும். அந்த வரிசையை விட்டு அவள் கண் நகராது.

இப்போது அந்த வரிசைதான் கலைந்துவிட்டது.

என்ன நடந்தது என்று பால்காரிக்கு அந்த முதல் நாளே தெரிந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பி வந்து, டம்ளரில் தனக்கென்று எடுத்து வைத்திருந்த பாலைக் குடித்துப் பார்த்தாள். நாக்கின் அடியில் பச்சை வாசனை நின்றது. பால் வேகவில்லை.

காலையில் பாலை அடுப்பில் வைத்த நேரத்தில் வாசலில் வேன்காரன் கத்தினான். இந்த வருஷத்து விதை மூட்டைகளை ஏற்றி வந்திருந்தான். ஒரு மூட்டை பிரிந்து கொட்டிக்கொண்டிருந்தது. இவள் ஓடிப்போய் வாயைப் பிடித்து, கட்டி, இறக்கிவிட்டு உள்ளே வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. புதிதாகத் தைத்த பையைக் கொடுக்க வந்த தையல்காரி அங்கே நின்றிருந்தாள். பால் பொங்கி வழியப் பார்த்தது, நல்ல வேளை நான் வந்தேன், நிறுத்திவிட்டேன் என்றாள். நல்லாக் கொதித்ததா என்று இவள் கேட்டாள். நல்லாக் கொதித்தது என்றாள் அவள். பொய் சொல்லவில்லை. மாட்டுப் பால் காய்ச்சிப் பழகின கை. பொங்கி மேலே வந்தால் இறக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சோயாப் பால் அப்படி அல்ல. சூடேற ஆரம்பித்ததுமே நுரைத்துக்கொண்டு விளிம்புக்கு வந்துவிடும். அது கொதி அல்ல. பால்காரி அதற்குப் பொய்க் கொதி என்று பெயர் வைத்திருந்தாள். தீயைக் குறைத்து, கரண்டியால் நுரையை அடக்கி, அதற்கப்புறமும் நெடுநேரம் கொதிக்கவிட்டால்தான் பச்சை போகும். பிள்ளை வயிறு தாங்கும்.

தையல்காரி, பெற்ற மகள் குடித்த பாலைத் தன் கையாலேயே பாதியில் இறக்கியிருக்கிறாள். அவளுக்கு அது தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் குருவியைப் பார்க்கப் போனபோது அதைச் சொல்லலாமா என்றுகூட பால்காரி யோசிக்கவில்லை. உப்புத் தண்ணீரைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய் நின்றாள். தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். பகலெல்லாம் அழுது வீங்கின முகம். பயம் கோபமாக மாறியிருந்தது.

“உங்க கையால எதுவும் வேண்டாம்க்கா. ஒண்ணு பெத்திருந்தா தெரியும், பெத்தவ வயிறு எப்படி எரியும்னு.”

எலக்ட்ரீஷியன் மனைவியின் தோளைப் பிடித்து அடக்கப் பார்த்தான். பால்காரி டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். வந்து, சமையலறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்தாள். தன் வாழ்நாளில் எத்தனையோ பேர் சொல்லிவிட்ட வார்த்தைதான். மற்றவர்கள் சொன்னபோது காதில் விழுந்தது. இவள் சொன்னபோது நெஞ்சில் விழுந்தது.

வேன்காரனிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். அவனுக்கு ஆறவில்லை. இப்போதே போய்த் தம்பியிடம் சொல்கிறேன் என்று சட்டையை மாட்டினான். அவள் வாசலில் குறுக்கே நின்றாள்.

“சொல்லி என்னத்தைக் கட்டிக்கப் போறீங்க? தன் கையாலயே புள்ளைக்குக் கெடுதல் பண்ணிட்டோமேன்னு அவ காலம் பூரா செத்துக்கிட்டே இருப்பா. என் மேல கோபம்னா என்னிக்காவது ஆறும். தன் மேல வர்ற கோபம் ஆறாதுங்க.”

“அதுக்கு நீ பழி சுமப்பியா?”

“அடுப்பு என்னோடது. நான்தான் விட்டுட்டுப் போனேன்.”

வேன்காரன் ரகசியம் காக்கத் தெரியாத மனுஷன். யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று வேனோடு சேர்த்துச் செய்தியையும் ஏற்றி இறக்குகிறவன். அந்த வாரம் முழுக்க வாயைத் திறந்தால் கொட்டிவிடுமோ என்று பயந்து, தம்பியைக் கண்டால் எதையாவது எடுத்து மென்றுகொண்டே இருந்தான். பல்வலியா அண்ணே என்று தம்பி விசாரித்தான்.

ஆனால் விஷயம் குடும்பத்தோடு நிற்கவில்லை. தையல்காரி மையத்து வாசலில் நின்று மற்றத் தாய்மார்களிடம் சொன்னது ஊரையே புரட்டிவிட்டது. பால்காரி மேல் தப்பில்லை, பால் நன்றாகக் கொதித்ததை நானே என் கண்ணால் பார்த்தேன், அப்படியும் பிள்ளைகளுக்கு இப்படி ஆகிறதென்றால் அந்தப் பயறிலேயே விஷம் இருக்கிறது என்றாள். கோபத்திலும் நியாயமாகப் பேசுவதாகத்தான் அவள் நினைத்தாள். அந்த நியாயம்தான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. ஆளின் தப்பு என்றால் ஆளைத் திருத்திக்கொள்ளலாம். பயறே விஷம் என்றால் என்ன செய்வது? தாய்மார்கள் பால் வேண்டாம் என்றார்கள். மையம் நிறுத்தியது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, சோயா போடுகிறீர்களா இல்லையா, இல்லையென்றால் வேறு ஆளுக்கு விடுகிறேன் என்று நிலத்துக்காரர் கேட்டனுப்பினார். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

மீன்காரிக்குத்தான் பொறுக்கவில்லை. பால்காரி வீட்டு வாசலிலேயே வந்து, பல்லைக் கட்டிக் கொடுத்த பயறு, அதை விஷம்னு சொல்றாங்க, நீ ஊமையாட்டம் உட்கார்ந்திருக்கே, வாயில என்ன கொழுக்கட்டையா என்று கேட்டுவிட்டுப் போனாள். பயறு மேல் தப்பில்லை, என் அடுப்பில்தான் ஏதோ தப்பு என்று மட்டும் பால்காரி சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன தப்பு என்று கேட்டால் பேச்சை மாற்றினாள். பால் வேகவில்லை என்று சொன்னால், கொதித்ததைக் கண்ணால் பார்த்தவள் பக்கம் எல்லோர் பார்வையும் திரும்பும்.

டீச்சர்தான் ஒரு வழி சொன்னார். மையத்துச் சமையலறையில், தாய்மார்கள் எல்லோருக்கும் எதிரில் ஒரு தடவை காய்ச்சிக் காட்டு. முதல் டம்ளரை நான் குடிக்கிறேன் என்றார். பால்காரி தயங்கினாள். காய்ச்சிக் காட்டினால் பொய்க் கொதியும் தெரியும். தெரிந்தால் தையல்காரிக்கும் புரியும். காய்ச்சாவிட்டால் நிலம் போகும். பிள்ளைகளின் வரிசை திரும்ப வராது. ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தவள், தையல்காரி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் சரி என்றாள்.

தையல்காரி வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, கதவோரத்தில், யாரோடும் பேசாமல் நின்றாள். மற்றத் தாய்மார்கள் ஏமாந்து மறுபடியும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடக் கூடாதே என்று காவலுக்கு வந்தவள் மாதிரி நின்றாள். பால்காரி அவளைப் பார்த்ததும் பையைப் பிழிந்துகொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு, வருவது வரட்டும் என்று பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள்.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மீன்காரி, இந்தப் பாலில் தண்ணி கலந்தால் எந்த மாட்டைக் கேட்பது என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று வந்தவர்களும் சிரித்தார்கள். பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளை நுரை கிளம்பியது. முதலில் மெதுவாக, பிறகு மளமளவென்று ஏறி விளிம்பைத் தொட்டது. பால்காரி கரண்டியை எடுக்கத் திரும்பின அந்த ஒரு நொடியில், கதவோரத்தில் நின்றவள் தாவி வந்துவிட்டாள்.

“அக்கா, பொங்குது” என்று சொல்லிக்கொண்டே அடுப்பைத் திருகி அணைத்தாள்.

கோபம், வைராக்கியம் எதுவும் அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் இல்லை. பொங்குகிற பாலைப் பார்த்த கை தானாகப் போய்விட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்றாள் ஒருத்தி. எல்லோருக்கும் அதே பழக்கம்தான். நுரை அப்படியே அமுங்கி உள்ளே போயிற்று. அடுப்புத் திருகின் மேல் வைத்த கையை எடுக்காமல் தையல்காரி நின்றாள்.

டீச்சர் குனிந்து பார்த்து, கொதித்துவிட்டதா, இறக்கலாமா என்று கேட்டார். வேறு வழியில்லை. பிள்ளைகள் குடிக்கப்போகிற பால். பால்காரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“இன்னும் கொதிக்கவே ஆரம்பிக்கல டீச்சர். இது பொய்க் கொதி. இப்ப இறக்கினா பச்சைதான், வயித்துக்கு ஆகாது.” பிறகு அவசரமாக, மூச்சு விடாமல் சேர்த்துச் சொன்னாள். “பார்க்கிற எல்லாருக்கும் கொதிச்ச மாதிரிதான் தெரியும். அன்னிக்கு நானும் ஏமாந்துட்டேன். நான்தான் அவசரத்துல இறக்கிட்டேன்.”

மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். தீயைக் குறைத்து, நுரையை அடக்கி, துழாவிக்கொண்டே நின்றாள். நுரை அடங்கி, பால் அடியிலிருந்து புரண்டு புரண்டு கொதித்தது. பச்சை வாசனை போய், வறுத்த கடலை மாதிரி ஒரு மணம் அறை முழுக்கப் பரவியது. டீச்சர் சொன்னபடி முதல் டம்ளரைக் குடித்தார். மீன்காரி இரண்டாவதைப் பிடுங்கினாள். தாய்மார்கள் மூக்கை அருகில் கொண்டுபோய் மோந்தார்கள். சிலர் ருசி பார்த்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அவர்கள் கண்கள் தையல்காரியைத் தேடின. பயறே விஷம் என்று சொன்னவள் அவள். அவள் அடுப்படியிலும் இல்லை, கதவோரத்திலும் இல்லை. எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் பால்காரி பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அடியில் காந்தல் கெட்டியாகப் பிடித்திருந்தது. அதைச் சுரண்டச் சுரண்ட அவளுக்கு நிம்மதியாக இருந்தது. வாசலில் நிழல் தட்டியது. தையல்காரி, இடுப்பில் குருவியோடு நின்றாள். சொந்த வீடு மாதிரி பின்பக்கமாக நுழைந்து பழகினவள், இன்றைக்கு விருந்தாளி மாதிரி முன்வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டாள். கூடத்தில் படுத்திருந்த வேன்காரன் எழுந்து, ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தையல்காரி உட்காரவில்லை.

“அன்னிக்கு நிறுத்தினது நான்தானேக்கா.”

பால்காரி நாரைக் கீழே வைத்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

“ஊர் முன்னாடி உங்க தலையில போட்டுக்கிட்டீங்க. ஏன்க்கா?”

“பின்ன, வாந்தியெடுக்கிற புள்ளைய மடியில போட்டுக்கிட்டு இருக்கிறவகிட்ட, நீதான்டி காரணம்னு சொல்லச் சொல்றியா?”

தையல்காரி உடைந்துபோனாள். குழந்தையை இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் சொன்ன வார்த்தை, நான் சொன்ன வார்த்தை என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பால்காரி அவளை அழவிட்டாள். பிறகு பக்கத்தில் போய், தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“வலிச்சுது. வலிக்கலன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும். ஆனா ஒண்ணு. தப்பு உன்னோடது மட்டும் இல்ல. இப்படி ஒரு பொய்க் கொதி இருக்குன்னு உனக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கணும். குடுக்கல. இது எனக்கு மட்டும் தெரிஞ்ச வித்தைன்னு ஒரு கர்வம். எல்லாரும் என்னையே தேடி வரணும்னு ஒரு ஆசை. அதுதான் புள்ளைங்க வயித்துல போச்சு.”

இருவரும் அழுதார்கள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, தையல்காரி இன்னொன்றைச் சொன்னாள். மையத்திலிருந்து அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. குழாயடியில் நின்று, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற ஒவ்வொரு தாயையும் நிறுத்திச் சொல்லியிருக்கிறாள். பயறில் விஷம் இல்லை, கொதிக்காததைக் கொதித்தது என்று சொன்ன என் கண்ணில்தான் கோளாறு, அன்றைக்கு அடுப்பை அணைத்தது என் கை என்று சொல்லியிருக்கிறாள். ஒருத்தி முறைத்தாளாம். ஒருத்தி திட்டினாளாம். மற்றவர்கள், நாங்கள் அங்கே இருந்திருந்தாலும் அதையே செய்திருப்போம் என்றார்களாம். மீன்காரி மட்டும், உன் கையைக் கட்டிப்போட ஒரு கயிறு வாங்கி வைக்கிறேன் என்றாளாம். எல்லோரும் நாளையிலிருந்து பிள்ளைகளை டம்ளரோடு அனுப்புகிறார்கள். டீச்சரிடமும் சொல்லியாகிவிட்டது.

பால்காரிக்குக் கோபம் வந்தது. நான் இத்தனை நாள் மென்று முழுங்கினதை நீ ஏன்டி குழாயடியில் கொட்டினாய் என்று அதட்டினாள். அதட்டும்போதே, மழைக்கு முன்னால் நிலத்துக்காரரிடம் ஆள் அனுப்ப வேண்டும், விதையை நிழலில் உலர்த்த வேண்டும் என்று மனசு அதன் பாட்டுக்கு வேலைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டது. நாளை விடியற்காலை வந்து பக்கத்தில் நில், துழாவக் கற்றுக்கொள், மற்றவர்களையும் ஒவ்வொரு நாள் வரச் சொல் என்றாள். துணி நிறையத் தைக்கக் கிடக்கிறதே என்று தையல்காரி இழுத்தாள். கிடக்கட்டும், சட்டை நாலு நாள் கழித்துப் போட்டுக்கொள்ளலாம், பால் அப்படியில்லை என்றாள் பால்காரி.

குருவி இவர்கள் பேச்சில் சலித்துப்போய் சமையல் மேடையைப் பிடித்து எம்பிக்கொண்டிருந்தாள். மையத்தில் காய்ச்சி மீந்த பால், வீட்டில் மறுபடி கொதிக்கவைத்தது, ஒரு கிண்ணத்தில் இருந்தது. பால்காரி அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள். கொடுக்கக் கை நீளவில்லை. உங்க கையால எதுவும் வேண்டாம் என்ற வார்த்தை இன்னும் நடுவில் நின்றது. தையல்காரி அதைப் புரிந்துகொண்டாள். கிண்ணத்தை எடுத்து, டம்ளரில் ஊற்றி, அதைப் பால்காரியின் கையில் வைத்தாள்.

“நீங்களே குடுங்கக்கா. என் கையால குடிக்க மாட்டேங்கிறா. பெரியம்மா, பெரியம்மான்னு வாரம் பூரா ஒரே அடம்.”

பால்காரி தரையில் உட்கார்ந்தாள். குருவி அவள் மடியில் ஏறி, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நடுவில் மூச்சு வாங்கி, முழுதாகக் குடித்தாள். மேலுதட்டில் வெள்ளையாக மீசை வந்தது. துடைக்க வந்த கையைத் தள்ளிவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“இன்னும்.”

நாளைக்கு என்றாள் பால்காரி. நாளைக்கு என்றால் எப்போது என்று கேட்டது குழந்தை. நீ எழுந்ததும் என்றாள். எழுந்துவிட்டேன் என்றது குழந்தை. இருவரும் சிரித்த சிரிப்பில், வெளியே நின்ற வேன்காரன் இனிமேல் பேசலாம் போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, தெருவில் தம்பியைக் கூப்பிடும் அவன் குரல் கேட்டது.

தையல்காரி மகளைத் தூக்கிக்கொண்டாள். வாசற்படியில் நின்று திரும்பி, விடியற்காலையில் எழுப்பிவிடுங்கள், சுவரைத் தட்டினால் போதும் என்றாள். தட்டினால் சுவர் விழுந்துவிடும், போய்ப் படு என்றாள் பால்காரி. அம்மாவின் தோளுக்கு மேலிருந்து குருவி கையை ஆட்டிக்கொண்டே போனாள். அவர்கள் வாசலைக் கடந்து மறையும்வரை பார்த்து நின்றுவிட்டு, பால்காரி கதவைச் சாத்தினாள்.